கண்ணாடிப் பெட்டியில் ஐந்து பட்டன்

என் அக்காவின் கணவர் செத்தவர்களைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் முன்னால் ஒரு பென்சிலைத் தேடுவார். மற்றவர்கள் அந்தப் பேச்சு வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அத்தான் ஒரு தாளை எடுத்து, நடுவில் கோடு இழுத்து, இந்தப் பக்கம் ‘தெரிந்தது’, அந்தப் பக்கம் ‘தெரியாதது’ என்று எழுதுவார். தெரிந்த பக்கம் காலியாகவே கிடக்கும். அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. எழுத இடம் இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிற ஆள்.

ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தார். பேராசிரியர் என்று நினைத்துவிட வேண்டாம். மாணவர்கள் வருவதற்கு முன்னால் மேசை மேசையாகக் கருவிகளை எடுத்து வைப்பார். அவர்கள் போன பிறகு துடைத்து, அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவார். உயரமான மனிதர். இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு என்று நடப்பார். அதனால் மாணவர்கள் அவருக்கு ‘ஊசல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காதில் விழுந்தால் கோபப்படுவார் என்று பார்த்தால், ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு வராந்தாவில் இருபது முறை நடந்து, தன்னுடைய ஒரு ஆட்டத்துக்கு ஒன்றே கால் விநாடி ஆகிறது என்று குறித்து வைத்தார். அந்த மனுஷனை என்ன செய்ய முடியும்?

அந்த ஆய்வகத்தில் திருகு அளவி என்று ஒரு கருவி உண்டு. கம்பியின் தடிமனை அளக்கிற சாமான். வாயை முழுக்க மூடினால் அது சைபர் காட்ட வேண்டும். பழைய கருவி எதுவும் காட்டாது. ஒன்று கொஞ்சம் கூடக் காட்டும், இன்னொன்று கொஞ்சம் குறைத்துக் காட்டும். அதற்குச் சுழிப்பிழை என்று பெயர். அத்தான் ஒவ்வொரு கருவியின் கழுத்திலும் அதன் பிழையை எழுதி ஓர் அட்டையைக் கட்டிவிட்டிருந்தார். அதைக் கழித்துக்கொண்டு அளந்தால் சரியான அளவு வந்துவிடும். மனுஷங்களும் அப்படித்தான் என்பார்.

“சின்னவளே, உன் சுழிப்பிழை கோபம். அதைக் கழிச்சிட்டுப் பார்த்தா நீ தங்கமான பொண்ணு.”

நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதையும் அவர் கழித்துக்கொண்டார் போலிருக்கிறது, ஒன்றுமே நடக்காதது மாதிரி இருந்தார்.

அக்காவும் நானும் தையல்காரிகள். தெருவைப் பார்த்தபடி கடை, கடைக்குப் பின்னால் என் அறை, மாடியில் அக்காவும் அத்தானும். அவர் எங்கள் கடைக்கு முதலில் வந்ததே ஆய்வகத்துச் சாம்பல் கோட்டை எடுத்துக்கொண்டுதான். யோசிக்கும்போது இரண்டாவது பட்டனைப் பிடித்துத் திருகுகிற பழக்கம் அவருக்கு. மாதம் ஒரு தடவை அது அறுந்துவிடும். நாலாவது மாதம் அக்கா என் காதோடு, “இவரு வேணும்னே அறுத்துக்கிட்டு வர்றாருடி” என்றாள். நான் சத்தியமாக இல்லை என்றேன். அந்த ஆளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. ஆனால் அக்கா கடைசிவரை அதைத்தான் நம்பினாள், அந்த நம்பிக்கையில்தான் கல்யாணமும் பண்ணிக்கொண்டாள்.

எங்கள் இரண்டு பேர் தையலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த டீச்சராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. அங்குலத்துக்குப் பன்னிரண்டு, கோடு போட்ட மாதிரி. ஒரே ஒரு வித்தியாசம். தைத்து முடித்ததும் அக்கா நூலைக் கத்தரியால் வெட்டுவாள். நான் பல்லால் கடித்து அறுப்பேன். “கத்தரிக்கோல் எதுக்கு இருக்கு?” என்று ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது கேட்பாள். இருபத்தெட்டு வருடம் கேட்டாள். நான் ஒரு தடவையும் பதில் சொன்னதில்லை. அவள் கேட்கிற நேரத்தில் என் வாயில் நூல் இருக்கும்.

மத்தியானத்தில் கடையில் கூட்டம் இருக்காது. வெயில் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே வந்து துணிச் சுருள்களின் மேல் படுத்துக்கொள்ளும். இஸ்திரிப்பெட்டியின் ஆவி மெதுவாக மேலே போகும். அத்தானுக்கு விடுமுறை நாளாக இருந்தால் வெட்டும் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்களுக்குக் கண் சொக்குகிற நேரம் பார்த்து ஒரு சந்தேகத்தைக் கிளப்புவார்.

“பேயைப் பார்த்தேன்னு சொல்றவங்க எல்லாரும் அது உடுப்போட வந்துச்சுன்னுதான் சொல்றாங்க. உயிர் மட்டும்தான் அங்க போகுதுன்னா உடுப்பு எப்படிப் போச்சு? ஒண்ணு, துணிக்கும் உயிர் இருக்கணும். இல்ல, அங்க யாரோ உக்காந்து தைக்கணும்.”

“அப்போ எனக்கு அங்கயும் வேலை இருக்கு” என்றாள் அக்கா. அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. “ஏங்க, செத்தவங்க இளைச்சுப் போயிடுவாங்களா, பெருத்துடுவாங்களா? பிடிச்சுத் தைக்கணுமா, பிரிச்சு விடணுமான்னு தெரிஞ்சுக்கணும்ல.”

அத்தான் அதையும் தாளில் எழுதிக்கொண்டார், தெரியாத பக்கத்தில்.

இன்னொரு நாள் ஊசி குத்திவைக்கும் பஞ்சு உருண்டையைக் கையில் எடுத்தார். இதுதான் பூமி என்றார். அதில் ஒரு குண்டூசியைக் குத்தி, ஜன்னலைப் பார்க்க வைத்தார்.

“எல்லாரும் மேல போறாங்கன்னு சொல்றோம். எது மேல? காலையில செத்தவருக்கு மேலன்னா இந்த ஜன்னல் பக்கம். பூமி சுத்துது.” உருண்டையைப் பாதி திருப்பினார். குண்டூசி இப்போது சுவரைப் பார்த்தது. “அதே ஊர்ல, அதே வீட்டுல, சாயங்காலம் செத்தவருக்கு மேலன்னா சுவர் பக்கம். ரெண்டு பேரும் நேரா மேலதான் போறாங்க. ஆனா ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே முடியாது.”

“அப்போ புருஷனும் பொண்டாட்டியும் ஒண்ணாச் சாகணுமா?”

“ஒரே நாள்ல வேணாம். ஒரே மணிக்குச் செத்தாப் போதும்.” கொஞ்ச நேரம் பட்டனைத் திருகினார். “இல்ல, போதாது. பூமி சூரியனையும் சுத்துதே. ஒரு நாள் தள்ளிச் செத்தா நாலு நிமிஷம் முன்னாடி சாகணும். ரெண்டு நாள் தள்ளின்னா எட்டு நிமிஷம்.”

அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டாள்.

“சாகறதுக்கும் டைம்டேபிளா? நான் போய் ஏதாவது ஒரு இடத்துல நிக்கிறேன். நீங்க விலாசம் கேட்டுக்கிட்டு வந்து சேருங்க.”

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான் படுத்தாள். ஏழு மாதம். என்ன வியாதி, என்ன வைத்தியம் என்பதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஐம்பத்தாறு வயது அவளுக்கு. மாடி அறையில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டோம். அத்தான் ஓய்வு பெற்று ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆய்வகத்தில் வேண்டாம் என்று கழித்துப்போட்ட பழைய தராசு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியோடு கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அது கட்டிலுக்கு எதிரே மேசையில் இருந்தது. அக்கா படுத்தபடி அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அவர் அவளிடம் நேராகவே கேட்டார். நான் அப்போது அவள் தலையை வாரிக்கொண்டிருந்தேன்.

“போனப்புறம் அங்க ஏதாவது இருந்தா, நீ எனக்கு ஒரு தகவல் சொல்லணும்.”

“சொல்லாம எங்க போவேன்? விளக்கை அணைச்சு ஏத்தவா? கதவைத் தட்டவா?”

“அதெல்லாம் வேணாம். அதையெல்லாம் காத்தே செய்யும். காத்து செய்ய முடியாத ஒண்ணா இருக்கணும்.”

இரண்டு பேரும் ஏதோ தாழ்ப்பாள் மாற்றுவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார்கள். எனக்குத்தான் சீப்பு கையில் நிற்கவில்லை. அன்று சாயங்காலம் ஏற்பாடு முடிந்தது. தராசை ஆடாமல் பூட்டினார். அக்கா பட்டன் டப்பாவிலிருந்து நாலு பட்டன் எடுத்தாள்: வெள்ளை, கறுப்பு, நீலம், தன் மகள் சின்ன வயதில் போட்ட கவுனின் சிவப்பு. ஐந்தாவதாக ஆய்வகக் கோட்டை எடுத்துவரச் சொல்லி, அந்த இரண்டாவது பட்டனைத் தானே வெட்டி எடுத்தாள், “இனிமே திருகறதுக்கு ஒண்ணும் கிடையாது” என்று. சிவப்புப் பட்டன் கொஞ்சம் கனம் என்று அத்தான் அதை மணல்தாளில் தேய்த்து மற்றவற்றோடு சமமாக்கினார். போகிறவளுக்கு எதைத் தூக்குவதிலும் சிரமம் கூடக் குறைய இருக்கக் கூடாதாம். ஐந்தையும் இடது தட்டில் வைத்தார். வலது தட்டு காலி.

“இதுல ஒண்ணை நீ வலப் பக்கம் மாத்தணும். எதை மாத்துவேன்னு ஒரு காகிதத்துல எழுதி, கவர்ல போட்டு ஒட்டிடு. எனக்கும் தெரியக் கூடாது. பட்டன் நகர்ந்தா மட்டும் கவரைத் திறப்பேன். யாராவது விளையாடினாக்கூட அஞ்சுல நாலு தடவை மாட்டிக்குவாங்க.”

அக்கா என்னைப் பார்த்தாள். அப்புறம் காகிதத்தை மடிமேல் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள், எழுதிக்கொண்டே இருந்தாள். ஒரு கலரை எழுத இவ்வளவு நேரமா என்று கேட்டேன். “எழுத்துப்பிழை வரக் கூடாதுல்ல” என்றாள். கவரைப் பெட்டியின் அடியில் ஒட்டினார்கள். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி ஒரு பட்டை நாடாவை இறுக்கி, அதன் இரண்டு முனையையும் அக்கா தன் கையாலேயே தைத்து மூடினாள். தையலைப் பிரிக்காமல் பெட்டியைத் திறக்க முடியாது. அவள் தைத்த கடைசித் தையல் அது.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு பிற்பகல், அவள் போய்விட்டாள். அத்தான் ஒரு கையால் அவள் கையைப் பிடித்திருந்தார். இன்னொரு கை தானாகத் திரும்பி வாட்சைக் காட்டியது. நாலு மணி பத்து நிமிடம். முப்பத்து நாலு வருடப் பழக்கம், அந்தக் கையைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு அன்று அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது.

மறுநாளிலிருந்து நாலு பத்துக்குப் பெட்டியைப் பார்த்து நோட்டில் எழுதினார். தேதி, நேரம், அறையின் வெப்பம், ஜன்னல் திறந்ததா மூடியதா, விளைவு. விளைவு: சைபர். மறுநாளும் சைபர். நான் டீயை எடுத்துக்கொண்டு நாலு மணிக்கு மேலே போவேன். அந்த நேரத்தில் வெயில் சாய்வாக வந்து கண்ணாடிப் பெட்டியில் விழும், கூரையில் ஒரு வெளிச்சத் துண்டு மிதக்கும். தெருச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்கும். அவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். நானும் கட்டில் ஓரத்தில் உட்காருவேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பத்து நிமிடம் எனக்கும் தேவைப்பட்டது. சில நாள் கண் அரைகுறையாக மூடும்போது, கீழே கடையில் அக்காவின் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். எழுந்து பார்க்க மாட்டேன். பார்த்தால் நின்றுவிடும்.

“சக்திக்கு அழிவு கிடையாது சின்னவளே” என்றார் ஒருநாள். “உங்கக்காகிட்ட இருந்த சூடு இந்த அறைக்குள்ள பரவிடுச்சு, அது சரி. ஆனா அவ கோபம் எங்க போயிருக்கும்னு நானும் தேடிக்கிட்டே இருந்தேன்.”

“கிடைச்சுதா?”

“கிடைச்சுது. நேத்து நீ கறிகாய்க்காரரைத் திட்டினப்போ.”

முதல் வருடம் இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. இரண்டாவது வருடம் சிரிப்பு வரவில்லை. மனிதர் இளைத்துக்கொண்டே போனார். நாலு பத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பதால் எங்கும் போக மாட்டார். காலையில் ஒன்பது மணிக்கு நூலகம், பத்தரைக்கு வீடு, அவ்வளவுதான் அவர் உலகம். ஆய்வகத்துப் பழைய நண்பர்கள் கூப்பிட்டுப் பார்த்து அலுத்துவிட்டார்கள். நோட்டு மூன்றாவது நோட்டாகிவிட்டது. தொள்ளாயிரத்துச் சொச்சம் சைபர்.

அப்போதுதான் பாப்பாவின் போன் வந்தது. பாப்பா என்றால் அக்காவின் ஒரே மகள், இருபத்தேழு வயது, எங்களுக்கு இன்னும் பாப்பா. ரயிலில் ஏழு மணி நேரம் தள்ளி ஒரு ஊரில் இருக்கிறாள். புருஷனுக்குக் கப்பலில் வேலை. அவளுக்கு எட்டாவது மாதம். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

“எனக்குப் பயமா இருக்கு சித்தி. அப்பாவை வரச் சொல்லு.”

“நான் வர்றேன் பாப்பா. கடையைப் பூட்டிட்டு ரெண்டு நாள்ல வர்றேன்.”

“நீயும் வா. ஆனா அம்மா போனதுக்கப்புறம் அப்பா ஒரு நாள்கூட என் வீட்டுக்கு வரல. இப்பவும் வரலன்னா, அம்மாகூட அப்பாவும் போயிட்டாருன்னு நினைச்சுக்கறேன். அதை அவர்கிட்ட சொல்லிடு.”

மேலே போய் அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை குறைக்காமல். அத்தான் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் வாய் என்ன சொன்னது தெரியுமா?

“இடையில ஒரு நாள் விட்டுப்போனாலும் மொத்தமும் வீணாயிடும்.”

“நான் பாத்து எழுதறேன். எனக்கு நாலு பத்து பாக்கத் தெரியாதா?”

“நீ பாக்கக் கூடாது. நீ என்மேல பரிதாபப்படுவ. பரிதாபம் அளவை மாத்திடும்.”

“அப்போ அந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போங்க. ரயில்ல மடியில வெச்சுக்கங்க.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். ஆய்வகத்தில் யாரிடமும் அவர் பேசியிருக்க முடியாத குரலில், “அவளுக்கு இந்த விலாசம்தானே தெரியும்” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் டீ கிளாசை அப்படியே எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன். படியில் உட்கார்ந்து அழுதேன். பிறக்கப்போகிற குழந்தை ஒரு பக்கம், செத்துப்போன அக்கா ஒரு பக்கம், நடுவில் இந்த மனிதர் ஒரு பட்டனுக்குக் காவல். இவர் இந்த நாற்காலியிலேயே ஒருநாள் நாலு பத்துக்கு முடிந்துபோவார் என்று தோன்றியது. அவர் அதற்குத்தான் காத்திருக்கிறாரோ என்றும் தோன்றியது. நான் முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலை அவர் நூலகத்துக்குப் போனதும் மாடிக்குப் போனேன். ஊசி, சாம்பல் நூல், தையல் பிரிக்கிற முள். அக்காவின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இருபத்தெட்டு வருடத்தில் அவள் தைத்ததை நான் பிரித்ததே இல்லை. என்னுடையதைத்தான் அவள் பிரிப்பாள். நாடா விலகியது, கண்ணாடியை மேலே தள்ளினேன். உள்ளே இரண்டரை வருடத்துக் காற்று.

இப்போது எந்தப் பட்டன்? அதுதான் பெரிய கேள்வி. தப்பானதை எடுத்தால் கவரில் இருப்பதோடு ஒத்துப்போகாது, குட்டு வெளிப்பட்டுவிடும், அப்புறம் அவர் ஜன்மத்துக்கும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். அத்தான் மாதிரியே யோசித்துப் பார்த்தேன். வெள்ளையும் கறுப்பும் அவளுக்கு எத்தனையோ ஆயிரம் பட்டனில் ஒன்று, கழித்துவிடலாம். நீலம் அவளுக்குப் பிடிக்காது. சிவப்பு மகளுடையது, ஆனால் தகவல் மகளுக்கு இல்லை, புருஷனுக்கு. மிச்சம் சாம்பல். மாதம் ஒரு தடவை அறுந்து வந்து அவளுக்கு ஒரு புருஷனைக் கொண்டுவந்த பட்டன். அக்கா, நீ இதைத்தான் எழுதியிருக்கணும், இல்லன்னா உன்னை என்ன செய்வேன்னு தெரியாது என்று வாய்விட்டே சொன்னேன். எடுத்து வலது தட்டில் வைத்தேன்.

நாடாவைத் திரும்ப இறுக்கி, அதே ஓட்டைகளில் ஊசியை விட்டு, அங்குலத்துக்குப் பன்னிரண்டு என்று தைத்தேன். கடைசித் தையலில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமாக முடிச்சுப் போட்டு, நூலைக் கடித்து அறுத்து, ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டு வெளியே வந்தேன். பால்காரர்தான்.

நாலு மணிக்கு டீயோடு போனேன். வெயில் வழக்கம்போல் சாய்ந்திருந்தது, கூரையில் வெளிச்சத் துண்டு மிதந்தது. நாலு பத்தானதும் அவர் குனிந்து பார்த்தார். நிமிரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

கத்துவார், அழுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீரை மேசைமேல் வைத்து, தெருவில் ஒரு லாரி போகிறவரை காத்திருந்து, தண்ணீர் அதிர்கிறதா என்று பார்த்தார். அப்புறம் அறுபத்து மூன்று வயது மனிதர் தரையில் மூன்று தரம் குதித்தார். பட்டன் எதுவும் நகரவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து நாடாவின் தையலை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு இடத்தில் ரொம்ப நேரம் நின்றார்.

நோட்டில் ‘நகர்ந்தது: சாம்பல்’ என்று எழுதிவிட்டு, “சின்னவளே, அந்தக் கவரை எடு” என்றார்.

பெட்டியின் அடியிலிருந்து கவரைப் பிரித்துக் கொடுத்தேன். சாம்பல், சாம்பல் என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் காகிதத்தை விரித்தார். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நேரமா என்று நான் நினைக்கும்போதே அவர் சிரித்தார். இரண்டரை வருடமாக நான் கேட்காத சிரிப்பு. அது பாதியில் உடைந்தது. காகிதத்தை என்னிடம் நீட்டினார். அக்காவின் கையெழுத்து, படுத்தபடி எழுதியதால் கீழ்நோக்கிச் சரிந்திருந்தது.

“ஏங்க, பட்டன் இடம் மாறியிருக்கும். எந்தப் பட்டன்னு பாக்காதீங்க, நான் எதையும் நினைச்சு வெச்சுக்கல. நாடாவுல நூல் முனையைப் பாருங்க. கத்தரியால வெட்டியிருந்தா அது நான். அப்படி இருந்தா எனக்கே ஆச்சரியம்தான். பல்லால கடிச்சிருந்தா என் தங்கச்சி. அவளைத் திட்டாதீங்க. நீங்க இப்படி உக்காந்திருக்கறதை அவளால இனிமே பாக்க முடியலன்னு அர்த்தம். அவளுக்கே பொறுக்கலன்னா, எனக்கு மட்டும் பொறுக்குமா? போதும். எழுந்து பாப்பாகிட்ட போங்க. நீங்க எங்க இருந்தாலும் விலாசம் கேட்டுக்கிட்டு நான் வந்துடுவேன். அவகிட்ட நான் கேட்டேன்னு கேளுங்க: கத்தரிக்கோல் எதுக்கு இருக்கு?”

நான் அந்தக் கட்டிலில் விழுந்து அழுதேன். செத்தும் என்னை விடவில்லை பாருங்கள். இரண்டரை வருடமாக அந்தத் திட்டைக் கேட்காமல் என் காது எவ்வளவு ஏங்கிப்போயிருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“நான்தான் செஞ்சேன் அத்தான்” என்றேன் ஒருவழியாக.

“தெரியும். கவரைத் திறக்கறதுக்கு முன்னாடியே தெரியும். நூல் நார் நாராப் பிரிஞ்சிருந்துது.”

“அப்புறம் ஏன் திறந்தீங்க?”

“பட்டன் நகர்ந்தா திறக்கணும், அதுதானே நிபந்தனை. யார் நகர்த்தணும்னு நாங்க எழுதிக்கல.”

ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். அவர் கை, அங்கே இல்லாத பட்டனைத் தேடிச் சட்டையில் அலைந்தது.

“இது ஆதாரம் ஆகாது” என்றார். “உயிரோட இருக்கும்போது எழுதினது.” கூரையில் மிதந்த வெளிச்சத்தை நிமிர்ந்து பார்த்தார். “ஆனா இன்னது நடக்கும்னு அவ சொன்னா, அது அப்படியே நடந்திருக்கு. எங்க ஆய்வகத்துல இதுக்குமேல யாரும் கேக்க மாட்டாங்க.”

நோட்டைத் திறந்தார். விளைவு என்ற இடத்தில் சைபர் போடவில்லை. ‘வந்தது’ என்று எழுதி, தேதி போட்டு, மூடிவைத்தார். அப்புறம் பாப்பாவுக்குப் போன் செய்யச் சொன்னார். காலை ரயிலுக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம் என்று சொன்னதும் பாப்பா, “அப்பாகிட்ட போனைக் குடு சித்தி” என்றாள்.

பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது அலமாரியிலிருந்து அந்தச் சாம்பல் கோட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். கையில் பட்டன் இருந்தது. “ரயில்ல குளிரும். இதைத் தைச்சுக் குடு” என்றார்.

அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து தைத்தேன். அத்தான் வெட்டும் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாலு சுற்று, ஒரு முடிச்சு. நூல் வழக்கம்போல் வாய்வரைக்கும் போய்விட்டது. அங்கேயே நிறுத்தினேன். இழுப்பறையைத் திறந்து, அடியில் கிடந்த அக்காவின் கத்தரியைத் தேடி எடுத்து, வெட்டினேன்.